உள்ளே பூந்து எடுக்காதே... வாசல்ல நின்னு கேளு!



ஃபைனல் இயர் வந்தாச்சு. கூடவே புராஜெக்ட் சீஸனும் வந்தாச்சு. ஆளாளுக்கு ஒரு மொபைல் ஆப்பைக் கையில வச்சுக்கிட்டுத் திரியறாங்க. ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி எந்த ஹாஸ்டலுக்குப் போனாலும் ஒரே புலம்பல்தான். ‘‘மச்சி, நானே பண்ணின வியூடா இது... இதுக்குள்ள இருக்குற வேல்யூவை என்னாலயே எடுக்க முடியலடா!’’

இந்த வாரம் அந்தப் பஞ்சாயத்தைத்தான் தீர்க்கப்போறோம். கஸ்டம் வியூ, அதோட பிராப்பர்ட்டி. சொல்லும்போது ஜுஜுபி மேட்டர் மாதிரி இருக்கும். சரியாப் பண்ணலைன்னா ஆப்பே நமக்கு ஆப்பு வச்சிடும். பயப்படாதீங்க, வரிவரியா கோடு எழுதி உங்களை மிரட்டப்போறதில்லை. லாஜிக் புரிஞ்சிடுச்சுன்னா கோடு தானா வரும்.

மலை மேல ஒரு ஆப்

சும்மா ‘ஹலோ வேர்ல்டு’ போட்டு மொக்கை போடாம, நிஜமான ஒரு தேவையை எடுத்துக்குவோம். கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம் வழியா மலை ஏறினா வெள்ளிமலை. கல்வராயன் மலையோட முக்கியமான ஊர். 2019-ல் விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சே, அதுலதான் இருக்கு. மலையாளி பழங்குடி மக்கள் வாழுற மலை. இங்கே விளையுற பணப்பயிர்ல முக்கியமானது மரவள்ளி. சேலம் பக்கம் குச்சிக்கிழங்குன்னு சொல்வாங்களே, அதேதான்.

இந்தக் கிழங்கு லாரி ஏறி மலை இறங்கி சேகோ ஆலைக்குப் போகுது. நம்ம வீட்டுப் பாயசத்துல மிதக்குற ஜவ்வரிசி அங்கேதான் பொறக்குது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைச்சாச்சு.

மேட்டர் என்னன்னா, கிழங்குக்கு வெறும் எடையை வச்சு மட்டும் விலை கிடையாது. அதுல எவ்வளவு மாவுச்சத்து இருக்குன்னு பார்த்து ஒரு எண் சொல்வாங்க. வியாபாரத்துல அதுக்குப் பேரு ‘பாயிண்ட்’. பாயிண்ட் ஏறினா விலை ஏறும், இறங்கினா விலையும் இறங்கும்.

சும்மா கணக்குக்கு வச்சுக்குங்க. ஒரு பாயிண்ட்டுக்கு டன்னுக்கு 300 ரூபாய். கிழங்கு 26 பாயிண்ட். அப்போ டன்னுக்கு 7,800 ரூபாய். இரண்டரை டன் லோடுன்னா 19,500 ரூபாய். அதே லோடை 24 பாயிண்ட்னு எழுதிட்டா? 18,000 ரூபாய்தான். ரெண்டே ரெண்டு பாயிண்ட், 1,500 ரூபாய் காலி!

1976-ல் அரசாங்கம் எடுத்துக்கிற வரைக்கும் இந்த மலை ஜாகீர்தார்கள் கையில இருந்தது. அந்த மண்ணுல ஒரு விவசாயி தன் விளைச்சலுக்குத் தானே கணக்கு வச்சுக்கிறதுங்கிறது சின்ன விஷயம் இல்லை பாஸ். வெள்ளிமலையில இருந்து படிக்க வந்த ஒரு பொண்ணு, தன் அப்பாவுக்காக அந்தக் கணக்கு ஆப்பை புராஜெக்டா பண்றாள்னு வச்சுக்குவோம். அவளோட ஸ்க்ரீன்ல ஒவ்வொரு லோடுக்கும் ஒரு கார்டு. கார்டுக்குள்ள எடை போட ஒரு பெட்டி, பாயிண்ட் போட ஒரு பெட்டி, விலை போட ஒரு பெட்டி, கீழே மொத்தத் தொகை. இந்த நாலையும் சேர்த்து அவளே கட்டின ஒரே பொருளா ஆக்கிட்டா. பேரு ‘லோடு கார்டு’. இதுதான் கஸ்டம் வியூ. கடையில ரெடிமேடா வாங்காம, நம்ம அளவுக்குத் துணி எடுத்துத் தச்சது!

இப்போ ‘சேமி’ பட்டனை அமுக்கினா கார்டுக்குள்ள இருக்குற பாயிண்ட்டை ஸ்க்ரீன் எடுக்கணும். எப்படி?

எல்லாரும் ‘டிக்கெட்’தான்!

நம்ம ஊர் கண்டக்டரைக் கவனிச்சிருக்கீங்களா? ‘‘ரெண்டு டிக்கெட் இறங்கு... நாலு டிக்கெட் ஏறு’’ன்னுதான் சொல்வார். ஏறினவங்கள்ல ஒருத்தர் நர்ஸ், ஒருத்தர் வாத்தியார், ஒருத்தர் கொத்தனார். அவரைப் பொறுத்தவரைக்கும் எல்லாருமே டிக்கெட்!

மொபைல் சிஸ்டமும் அப்படித்தான். பட்டன், எழுத்து, படம், நீங்க உயிரைக் கொடுத்து உருவாக்கின லோடு கார்டு... அதுக்கு எல்லாமே வெறும் ‘வியூ’. வெறும் வியூவுக்கு அகலம், உயரம், நிறம் தெரியும். ‘பாயிண்ட்’ தெரியாது. அதனாலதான் வெறும் வியூன்னு கையில வாங்கிட்டு பாயிண்ட்டைக் கேட்டா, கம்பைலர் சிவப்புக் கோடு போட்டு, ‘யாருப்பா அது? அப்படி யாரும் இங்க இல்லை’ங்குது.

தீர்வு? ‘இவங்க வெறும் டிக்கெட் இல்லைங்க, நர்ஸ்’னு சொல்லி வாங்கணும். இதுக்குப் பேருதான் காஸ்டிங். ‘இது வெறும் வியூ இல்லை, லோடு கார்டு’ன்னு சொல்லிட்டா, அதோட பிராப்பர்ட்டி எல்லாம் வரிசையா வந்து நிக்கும்.

ஆனா பொய் சொல்லக்கூடாது. கொத்தனாரைக் காட்டி நர்ஸ்னு சொன்னா, கம்பைலர் நம்பிடும். ஆப் ஓடும்போது மாட்டிக்குவீங்க. டமால்னு மூடிக்கும். கோட்லின்ல ‘ஆஸ்’ங்கிற சொல்லுக்குப் பின்னாடி ஒரு கேள்விக்குறி போட்டீங்கன்னா, தப்பான ஆளா இருந்தா ஆப் சாகாது, ‘நல்’னு வெறுங்கையை விரிக்கும். அதுக்காக அந்த நல்லைக் கண்டுக்காம தாண்டிப் போயிடாதீங்க. தப்பு அங்கேயேதான் ஒளிஞ்சிருக்கும்.

2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-க்குப் பிறகு, ‘ஃபைண்ட் வியூ பை ஐடி’க்கு காஸ்டிங்கைத் தனியா எழுத வேண்டாம். என்ன வகைன்னு சொல்லிக் கேட்டாலே போதும். ஆனா வகையைத் தப்பாச் சொன்னா அப்பவும் அதே டமால்தான். 2020-ல் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ 3.6-ஓட ‘வியூ பைண்டிங்’ வந்தது. லேஅவுட்டைப் படிச்சுப் பார்த்து, யார் நர்ஸ், யார் வாத்தியார்னு அதுவே லிஸ்ட் போட்டுக் கொடுத்துடும். புதுசா எழுதுறவங்க கண்ணை மூடிக்கிட்டு இதை எடுத்துக்கலாம்.

ஐபோன் பக்கமும் இதே கூத்துதான். ஸ்டோரிபோர்டுல ஒரு கட்டத்தை இழுத்துப் போட்டுட்டு, அதோட ‘கிளாஸ்’ பெட்டியில உங்க வியூ பேரை எழுதாம விட்டா, அது வெறும் ‘யூஐவியூ’வாத்தான் பொறக்கும். அப்புறம் எவ்வளவு கெஞ்சினாலும் பாயிண்ட் கொடுக்காது.

மூணு கார்டு, ஒரே பேரு

அடுத்த கண்டம் இது. ஸ்க்ரீன்ல மூணு லோடு கார்டு. மூணுக்குள்ளேயும் பாயிண்ட் பெட்டிக்கு ஒரே ஐடி. ஒரே அச்சுல வார்த்ததாச்சே!

இப்போ ஸ்க்ரீன் உச்சியில நின்னு, ‘பாயிண்ட் பெட்டி எங்கேப்பா?’ன்னு கத்தினா என்ன ஆகும்? தெருமுனையில நின்னு ‘முருகா’ன்னு கூப்பிட்ட கதைதான். முதல் வீட்டு முருகன் எட்டிப் பார்ப்பான். சிஸ்டம் மேல இருந்து தேடிக்கிட்டே வந்து, முதல்ல கிடைக்கிற பெட்டியைக் கொடுத்துட்டு வேலையை முடிச்சுக்கும். ரெண்டாவது லோடும் மூணாவது லோடும் முதல் லோடோட பாயிண்ட்லயே சேமிக்கப்படும். எர்ரர் கிடையாது. கிராஷ் கிடையாது. தொகை மட்டும் தப்பா இருக்கும். கிராஷ் ஆகுற ஆப்பைவிட இது டேஞ்சர் பாஸ்! கிராஷ் ஆனா யாருக்கும் தெரியும். தப்புத் தொகை யாருக்கும் தெரியாது.

‘சரி, ரெண்டாவது கார்டைப் பிடிச்சு, அதுக்குள்ள போய் பாயிண்ட் பெட்டியைத் தேடறேன்’னு சிலர் சொல்வாங்க. அது வேலை செய்யும். ஆனா அது, ஒருத்தர் வீட்டுக்குள்ள நேரா நுழைஞ்சு சமையக்கட்டு அலமாரியைத் திறக்குற மாதிரி. நாளைக்கு அவங்க அலமாரியை இடம் மாத்தினா? பாயிண்ட் பெட்டிக்குப் பதிலா இழுக்குற ஸ்லைடர் வச்சா? உங்க ஸ்க்ரீன் கோடு மொத்தமும் ஊத்திக்கும்.

மரியாதையான வழி ஒண்ணு இருக்கு. வாசல்ல நின்னு கேக்கறது. லோடு கார்டுக்கே ‘பாயிண்ட்’னு ஒரு பிராப்பர்ட்டி வைங்க. உள்ளே இருக்குற பெட்டிகளை ‘பிரைவேட்’னு பூட்டுங்க. வெளியே நிக்கிற ஸ்க்ரீன் ‘உன் பாயிண்ட் என்ன?’ன்னு கார்டுகிட்ட கேக்கட்டும். கார்டு உள்ளே போய்ப் பார்த்து வந்து பதில் சொல்லட்டும். உள்ளே பெட்டியோ, ஸ்லைடரோ, பூதமோ... வெளியே நிக்கிறவனுக்கு என்ன கவலை?

வெத்தா, ஸைபரா?

வாசல்ல நிக்கிற பிராப்பர்ட்டிக்கு மூணு வேலை இருக்கு.

முதல் வேலை, எழுத்தை எண்ணா மாத்தறது. பெட்டியில இருக்குறது ‘26.5’ங்கிற எழுத்து. நமக்கு வேணும்கிறது எண். வெத்துப் பெட்டியை எண்ணா மாத்தப்போனா ஆப் மூடிக்கும். அதைச் சமாளிக்க சில பேர், ‘காலியா இருந்தா 0’ன்னு எழுதிடுவாங்க. ஐயய்யோ! 0-ங்கிறது ஒரு பதில். காலிங்கிறது ‘இன்னும் பதில் வரலை’. பாயிண்ட் 0-ன்னு கணக்குப் போட்டா தொகையும் 0. பாயிண்ட் சொல்லாத லோடை, மதிப்பே இல்லாத லோடா ஆக்கிடாதீங்க. காலின்னா ‘நல்’ கொடுங்க. ‘பாயிண்ட் போடலையேம்மா’ன்னு ஸ்க்ரீன் கேக்கட்டும்.

ரெண்டாவது வேலை, மாறினா காட்டறது. வெளியே இருந்து யாராவது பாயிண்ட்டை 24-ல இருந்து 26-ஆ மாத்தினா, கார்டு தொகையையும் திருத்திக் காட்டணும். நீங்களே கேன்வாஸ்ல வரையுற வியூன்னா, மதிப்பை மாத்தின கையோட ‘இன்வாலிடேட்’னு ஒரு குரல் கொடுக்கணும். ‘பழசு செல்லாது, திரும்ப வரை’ன்னு அர்த்தம். அளவும் மாறுதுன்னா ‘ரிக்வெஸ்ட் லேஅவுட்’டும் சேரும். இதை விட்டா உள்ளே 26, வெளியே 24. ‘செட் பண்ணிட்டேன், ஆனா மாறலை’ன்னு புலம்புற பாதிப் பேரோட கதை இதுதான்.

மூணாவது வேலை, தானா சொல்றது. ‘மாறிடுச்சா, மாறிடுச்சா’ன்னு நிமிஷத்துக்கு ஒருதரம் ஸ்க்ரீன் வந்து கேக்க வேண்டாம். மாறும்போது கார்டே ஆள் அனுப்பட்டும். அதுக்குப் பேரு லிஸனர்.

லேஅவுட் ஃபைல்லயே ‘விலை 300’னு எழுதிக் கொடுக்க ஆசையா? அதுக்கு உங்க பிராப்பர்ட்டி பேரை ‘ஆட்ரிப்யூட்’டா முன்னாடியே பதிவு பண்ணணும். கார்டோட கன்ஸ்ட்ரக்டர், கான்டெக்ஸ்ட் கூட ஆட்ரிப்யூட் மூட்டையையும் வாங்கிக்கணும். கான்டெக்ஸ்ட் மட்டும் வாங்குற கன்ஸ்ட்ரக்டரை வச்சுக்கிட்டு லேஅவுட்ல போட்டா, ஸ்க்ரீன் திறக்கும்போதே அவுட்! ஐபோன்ல இதே வசதி ‘ஐபிஇன்ஸ்பெக்டபிள்’ங்கிற பேர்ல 2014-ல் எக்ஸ்கோடு 6-ஓட வந்தது.

தமிழ் கீபோர்டு சொல்லித் தர்ற பாடம்

‘தொகையைத் தனியா எதுக்குப்பா வச்சுக்கணும், அதான் கார்டுல எழுதியிருக்கே, அதையே படிச்சுக்கறேன்’னு ஒருத்தர் கையைத் தூக்குறார். படிச்சுப் பாருங்க. அங்கே இருக்கிறது ‘ரூ.19,500’. ‘ரூ.’ இருக்கு, நடுவுல கமா இருக்கு. எண்ணா மாறாது, முறைக்கும்.

காட்டறது வேற, இருக்கிறது வேற. இதுக்கு நம்ம தமிழைவிட நல்ல உதாரணம் கிடையாது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கின செல்லினம், 2005 பொங்கல் சமயத்துல சிங்கப்பூர்ல அறிமுகமாச்சு. பட்டன் போன் காலத்துலயே செல்போன்ல தமிழ்ல எஸ்.எம்.எஸ். அனுப்ப வழி பண்ணின மென்பொருள். அப்புறம் டச் போன் வந்தது. வெளியாள் செஞ்ச கீபோர்டை ஐபோனுக்குள்ள சேர்க்க 2014-ல் ஐஓஎஸ் 8 கதவு திறந்தது. இன்னைக்கு நம்ம போன்ல தமிழ் கீபோர்டு சாதாரணம்.

டச் போன்ல வர்ற தமிழ் கீபோர்டு எதுவுமே ஒரு பெரிய கஸ்டம் வியூதான். ஆண்ட்ராய்டுல ரொம்ப வருஷமா இருந்த, 2019-ல் ஆண்ட்ராய்டு 10-ஓட ஓரங்கட்டப்பட்ட பழைய கீபோர்டு கிளாஸைப் பாருங்க. அதுல ஒவ்வொரு கீயுக்கும் ‘லேபிள்’னு ஒரு பிராப்பர்ட்டி, ‘கோட்ஸ்’னு இன்னொரு பிராப்பர்ட்டி. லேபிள்ங்கிறது கண்ணுக்குத் தெரியுறது. கோட்ஸ்ங்கிறது போனுக்குப் போறது. ‘கொ’வை எடுத்துக்குங்க. பார்க்க ஒரே எழுத்து. யூனிகோடுல அது ரெண்டு எண். ககரத்துக்கு 2965, பக்கத்துல ஒகரக் குறிக்கு 3018. லேபிளை நம்பி ‘ஒரு எழுத்துதானே’ன்னு கணக்குப் போட்டவன் பல்பு வாங்குவான்!

லோடு கார்டுலயும் அதே நியாயம்தான். தொகைங்கிற எண் ஒரு பிராப்பர்ட்டி. அதை ரூ. போட்டு, கமா போட்டு அழகு பண்ணிக் காட்டற எழுத்து இன்னொண்ணு. கணக்குக்கு முதலாவதைக் கேளுங்க. ரெண்டாவதைக் கண்ணுக்கு விட்டுடுங்க.

மெஸ் தட்டுல பேர் எழுதாதே

கடைசிக் கண்டம்தான் பெரிய கண்டம். சீஸன் முடிஞ்சு 40 லோடு ஆயிடுச்சு. ‘ரீசைக்ளர் வியூ’ போட்டு லிஸ்ட் ஆக்குறோம். 2014-ல் வந்த சமாசாரம். பேர்லயே ரகசியம் இருக்கு. 40 லோடுக்கு 40 கார்டு செய்யாது. ஸ்க்ரீன்ல தெரியுற அளவுக்குக் கூடக் கொஞ்சம் சேர்த்துச் செஞ்சுக்கும். மேலே ஒளிஞ்சு போற கார்டைத் துடைச்சு, கீழே வர்ற லோடுக்குக் கொடுத்துடும்.

நம்ம ஹாஸ்டல் மெஸ் எவர்சில்வர் தட்டு மாதிரின்னு வச்சுக்குங்க. நீங்க சாப்பிட்ட தட்டு, கழுவினதும் அடுத்த ஆளுக்குப் போகும். தட்டுல உங்க மெஸ் பில்லை எழுதி வச்சீங்கன்னா, அடுத்தவன் உங்க பில்லைக் கட்டுவான்! பில் இருக்க வேண்டிய இடம் மெஸ் நோட்டு.

அதே மாதிரி, பாயிண்ட் இருக்க வேண்டிய இடம் கார்டு இல்லை. லோடுகளோட லிஸ்ட். கார்டு, லிஸ்ட்ல இருந்து வாங்கிக் காட்டணும். யாராவது மாத்தினா உடனே லிஸ்ட்டுக்குச் சொல்லணும். ‘சேமி’ அமுக்கும்போது கார்டு கார்டா போய்க் கேக்குறதே தப்பு. மறைஞ்சு போன லோடுக்கு அப்போ கார்டே இருக்காது!

லிஸ்ட் வேண்டாம், மூணே கார்டுதான்னு நிம்மதியா இருக்கீங்களா? போனைக் குறுக்கே திருப்புங்க. ஆண்ட்ராய்டு ஸ்க்ரீனை அழிச்சு மறுபடி கட்டும். அழிக்கும் முன்னாடி, பெட்டியில இருந்த எழுத்தை எல்லாம் ஐடி பேரைப் போட்டுப் பத்திரப்படுத்தும். மூணு கார்டுலயும் பாயிண்ட் பெட்டிக்கு ஒரே ஐடின்னு சொன்னோமே? முதல் லோடு 26-னு எழுதும். ரெண்டாவது அதுமேல 25-னு எழுதும். மூணாவது அதுக்கும் மேல 24-னு எழுதும். திரும்பக் கட்டும்போது மூணு கார்டுலயும் 24! நாம மேலே போட்ட கணக்குப்படி, முதல் லோடுல 1,500 ரூபாய் போச்சு. அப்பா போனைச் சும்மா திருப்பினதுதான் தப்பு.

வைத்தியம் ரெண்டு. கார்டுக்குத் தனித்தனி ஐடி கொடுத்து, உள்ளே இருக்குற பெட்டிகளுக்குப் பதிலா கார்டே தன் பிராப்பர்ட்டிகளைச் சேமிச்சுக்கலாம். இல்லைன்னா, திருப்பினாலும் சாகாத ‘வியூ மாடல்’ல மதிப்புகளை வைக்கலாம். கூகுள் இதை 2017-ல் கொண்டுவந்தது. ரெண்டுல முடிஞ்சா ரெண்டாவதைப் பிடிங்க.

இன்னைக்கு ஜெட்பேக் கம்போஸ், ஸ்விஃப்ட்யூஐன்னு புது வழியெல்லாம் வந்தாச்சு. ஸ்விஃப்ட்யூஐ 2019, கம்போஸோட முதல் முழுப் பதிப்பு 2021. அங்கே வியூவைத் தேடிப் பிடிச்சுப் பிராப்பர்ட்டி கேக்குற பேச்சே கிடையாது. மதிப்பு மேலே இருக்கும், அது மாறினா ஸ்க்ரீன் தானா மாறும். ‘அப்போ இதெல்லாம் எதுக்குப் படிக்கணும்?’னு கேக்காதீங்க. வேலைக்குப் போற கம்பெனியில பழைய ஸ்டைல் கோடு மலை மாதிரி காத்துக்கிட்டிருக்கும். அதோட, புது வழி சொல்றதும் இதே பாடம்தான். வியூ காட்டட்டும், கணக்கு வேற இடத்துல இருக்கட்டும்.

வீட்டுப்பாடம்!

ரிவ்யூவுக்கு முன்னாடி உங்க ஆப்புக்கு இந்த நாலு டெஸ்ட்டை வைங்க. மூணு கார்டுல மூணு வேற எண் போட்டுச் சேமிச்சுப் பாருங்க. ஒரு பெட்டியைக் காலியா விட்டுச் சேமிங்க. போனைக் குறுக்கே திருப்புங்க. 40 வரி போட்டு மேலயும் கீழயும் சர்ருனு தள்ளிட்டு, முதல் வரிக்கு வந்து பாருங்க.

நாலுலயும் எண் மாறாம நின்னா, அந்தப் பொண்ணு தைரியமா ஆப்பை அப்பா கையில கொடுக்கலாம். ஆலை கேட்ல சீட்டு வாங்கினதும் அவர் போனை எடுத்து, ‘‘என் கணக்குல 19,500 வருதேங்க’’ன்னு கேக்கலாம். எக்ஸ்டர்னல் போடுற மார்க்கைவிட அது பெரிய மார்க் பாஸ்!

அடுத்த வாரம்: மலைப்பாதையில சிக்னல் போனாலும் ஆப் நிக்காம ஓட என்ன பண்ணணும்? ரெடியா இருங்க. டாட்டா!